சகலை விழாத மூன்று வருஷம்

எனக்கு முழங்கால் வலி கிடையாது. ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இப்படிச் சொல்லிக்கொள்ள முடிகிறவர்கள் குறைவு. முதுகும் பரவாயில்லை. காலையில் எழுந்தால் எந்த மூட்டும் சத்தம் போடுவதில்லை. காரணம் கேட்டால், நான் ஒழுங்காக விழப் பழகியவன் என்பேன்.

சங்கத்தின் விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது என்றார் உங்கள் எழுத்தர். அதில் அடங்காது, மன்னிக்கவும். என் சகலையின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்ததற்கும் தோள்பட்டை விலகியதற்கும் போட்டியில் எதிரே ஆடிய ரொட்டிக்கடைக்காரர்தான் காரணம் என்று முடிவுகட்டி, அவரை ஒரு வருஷம் ஆடவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பாவம், அந்த மனிதர் தள்ளியது தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்கவைக்கிற அளவுக்குத்தான். காரணம் நான். அந்த நேரத்தில் நான் பார்வையாளர் வரிசை ஓரத்தில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன் என்பதும் உண்மைதான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஒரு தராசுக்குக்கூடப் பொய் முத்திரை வைத்ததில்லை. நான் தெருவில் நுழைந்தால் கடைக்காரர்கள் முகத்தில் ஈயாடாது. இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஒரு தராசைக் கெடுக்க நினைப்பவர் சுத்தியலைத் தேடக் கூடாது. தட்டுக்கு அடியில் வாரத்துக்கு ஒரு பொட்டு மெழுகு வைத்தால் போதும். தராசுக்காரருக்கே தெரியாது. என் தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார்.

சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறார். வயது ஐம்பத்து மூன்று. நல்ல உயரம், குரலும் அதற்கேற்ற மாதிரி. மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை, நான் சின்ன மாப்பிள்ளை. பத்தொன்பது வருஷமாக நான் சின்ன மாப்பிள்ளை. அவர் உள்ளே வந்தால் மாமனார் செய்தித்தாளை மடித்து வைப்பார். நான் வந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் அல்ல. எந்தெந்தத் தேதியில் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மொத்தக் குடும்பமும் மாமனார் வீட்டுக் கூடத்தில் இருந்தது. சகலை தேக்கியன் என்கிற காலால் தள்ளும் ஆட்டத்தின் வகுப்பில் சேர்ந்து அப்போது ஆறு வாரம் ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்பிருந்தே அதைப் பற்றித்தான் பேச்சு. நான் சமையலறையிலிருந்து ஒரு தட்டில் எட்டுக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தேன்.

"சகலை, அப்படியே நில்லு. எல்லாரும் இங்க பாருங்க" என்றார்.

நின்றேன். நிற்கச் சொன்னால் நிற்கிற சுபாவம் எனக்கு. அவர் பாதம் என் கணுக்காலைக் கொக்கிபோட்டு இழுத்தது. நான் விழுந்தேன். எட்டில் ஆறு டம்ளர் உடைந்தது. மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினொரு வயது மகள் "பெரியப்பா, இன்னொரு தடவ" என்றாள். மாமியார் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அது அவருடைய டம்ளர் செட்.

நானும் சிரித்தேன். மனதில் கோபதாபம் எதுவும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அதே வகுப்பில் நானும் பெயர் கொடுத்தேன். குடும்பத்தில் ஒரு நெருக்கம் வரட்டும் என்றுதான்.

இந்த ஆட்டத்தின் விதிகள் உங்களுக்குத் தெரியும். ஆனால் இதன் ஒரு நகலை என் மாமனாருக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறேன், அதனால் அவருக்காகச் சொல்கிறேன். தேக்கியன் கொரியாவின் பழைய ஆட்டம். கையை ஓங்குவது கிடையாது, வேலையெல்லாம் காலுக்குத்தான். தரையில் ஒரு முக்கோணம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் மூன்று முனைகளையும் மாற்றி மாற்றி மிதித்து ஆடியபடியே இருக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கக் கூச்சப்படுகிறவர் போல இருக்கும். எதிராளியின் காலைத் தட்டியோ நெஞ்சில் பாதம் வைத்துத் தள்ளியோ தரையில் விழவைத்தால் வெற்றி. தள்ளத்தான் வேண்டும், வலிக்கிற மாதிரி உதைக்கக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. இரண்டு பேரும் எப்போதும் ஒரு காலை எதிராளிக்கு எட்டுகிற மாதிரி முன்னால் வைத்தே ஆக வேண்டும். இந்தா, முடிந்தால் தட்டு என்று கொடுப்பது. அவர்கள் மொழியில் இதற்கு உபசாரம் என்று பெயராம். காலைக் கொடுக்காமல் பின்வாங்கி ஆடுகிறவரை மரியாதை தெரியாதவர் என்பார்கள். எனக்கு அந்த விதி முதல் நாளே பிடித்துப்போயிற்று.

எங்கள் பயிற்சிக்கூடம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே உலர்த்தும் இயந்திரங்கள் ஓடினால் மேலே தரை வெதுவெதுப்பாகிவிடும். விழுந்தால் எழுந்திருக்க மனம் வராது. பயிற்சியாளர் ஒரு பெண்மணி. பகலில் நீச்சல் குளத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருவார். ஒரு பக்கம் இருபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கட்டி மேய்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். இன்னொரு பக்கம் பெரியவர்கள் நாங்கள் ஆறு பேர்.

சேர்ந்ததும் முதல் ஆறு வாரம் விழத்தான் கற்றுத்தருவார்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, உள்ளங்கையால் பாயைத் தட்டி விழ வேண்டும். எனக்கு அது உடனே வந்துவிட்டது. பயிற்சியாளர் வகுப்பை நிறுத்தி, "இவர பாருங்க, இப்படித்தான் விழணும்" என்றார். வாழ்க்கையில் என்னைச் சுட்டிக்காட்டி ஒருவர் இவரைப் பாருங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சகலை இந்த விழுகிற பாடத்தை ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தார். "கார் ஓட்டச் சொல்லித்தர்றவன் மொதல்ல மோதச் சொல்லித்தருவானா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டார். பயிற்சியாளரும் சிரித்துவிட்டு, "சரி, மெதுவா பழகிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் சொந்தம்தானே, சேர்ந்து பழகுங்க" என்று எங்களை ஜோடி சேர்த்தார்.

முதல் நாள் அவரோடு மோதியபோதே ஒன்றைக் கவனித்தேன். இருபது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குப் பயந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய வலது பாதத்துக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. காலை வீசுவதற்கு முன்னால் வலது பாதம் தரையை ஒரு அழுத்து அழுத்தும். முன்கூட்டியே தபால் போட்டுச் சொல்லிவிடுகிற மாதிரி. அந்த நொடியில் நான் ஒரு சாண் விலகி நெஞ்சில் பாதத்தை வைத்திருந்தால் மனிதர் மல்லாந்திருப்பார்.

நான் விலகவில்லை. இந்தச் சலவைக் கடை மாடியில், நான்கு பேர் முன்னால், அவர் விழுந்து யாருக்கு என்ன பயன் என்று யோசித்தேன். அதற்குள் அவர் கால் வந்து பட்டது. விழுந்தேன்.

கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "என்ன சகலை, வலிச்சுதா?"

"இல்லண்ணா. கால் எந்தப் பக்கம் வந்துச்சுன்னே தெரியல."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு மனிதரைச் சந்தோஷப்படுத்துவது இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். அன்று இன்னும் பதினொரு தடவை விழுந்தேன்.

விழுவது சும்மா இல்லை. எடுத்த எடுப்பிலேயே தொபுக்கடீர் என்று விழுந்தால் சந்தேகம் வரும். கொஞ்சம் தள்ளாட வேண்டும், ஒரு கையைக் காற்றில் துழாவ வேண்டும், எழுந்ததும் கணுக்காலைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது, இன்றைக்கு விடமாட்டேன் என்கிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டு விழ வேண்டும். அந்த நாட்களில் அவர் என்னைக் காரில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்.

சிக்கல் மற்ற நான்கு பேரால் வந்தது. அதிலும் எங்கள் தையல்காரர் கண் கூர்மையானவர். ஊசியில் நூல் கோர்க்கிற கண்.

ஒரு நாள் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சார், உங்க சகலை பிரேக் போட்டுட்டுத்தான உதைக்கிறாரு? அடுத்த தடவ நான் தள்ளிடலாம்னு இருக்கேன். இல்ல, நீங்களே சொல்லிடுறீங்களா?"

"ரெண்டும் வேணாம்" என்றேன். "அவருக்கு இதயம் கொஞ்சம் வீக். அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தோத்துட்டா படபடன்னு வந்துடும்."

"ஐயையோ. அப்ப நான் தள்ளினேன்னா?"

"அது உங்க விருப்பம். சொல்ல வேண்டியது என் கடம, சொல்லிட்டேன். வெளிய தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சிடுவாரு."

ஒரு வாரத்துக்குள் நான்கு பேர் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தையல்காரர் வாயில் ஒன்றும் தங்காது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சகலை யாரோடு மோதினாலும் அவர்கள் விழுந்தார்கள். தையல்காரர் இரக்க மிகுதியில் கால் படுவதற்கு முன்பே விழத் தொடங்கிவிட்டார். அவரைத் தனியாக அழைத்து, கொஞ்சம் பொறுத்து விழுங்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற இன்னொருவர், விழுந்து எழுந்ததும் சகலையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். சகலை அதைக் கைகுலுக்கல் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே மூன்று வருஷம் போயிற்று. இந்த மூன்று வருஷத்தில் சகலை ஒரு தடவைகூடத் தரையைத் தொடவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய் முத்திரையாகிவிடும். அவர் அந்த மூன்று வருஷத்தில் நல்ல மனிதராக மாறிப்போனார். முன்பிருந்த சவடால் எல்லாம் அடங்கிவிட்டது. ஜெயித்துக்கொண்டே இருக்கிறவர்களுக்குக் கத்த வேண்டிய அவசியம் இல்லை போலிருக்கிறது. எங்கே போனாலும் "இவன் என் சகலை மட்டுமில்ல, என் ஜோடி" என்று என் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துவார். என் மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், மூன்று மாலை பின்னாலேயே ஓடினார். "மாமா, இவன மாதிரி பொறுமையான ஆள நான் பார்த்ததில்ல" என்று மாமனாரிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் போனால் மாமனார் செய்தித்தாளைப் பாதி மடிப்பார்.

அப்படியானால் அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படி நிறுத்துவது? நிறுத்துவதென்றால் யாராவது அவரைத் தள்ளிவிட வேண்டும். அவருக்கோ விழத் தெரியாது. அடிபட்டுவிடும். அவருடைய நன்மையை நினைத்துத்தான் தொடர்ந்தேன்.

பிறகு சங்கத்தின் போட்டி அறிவிப்பு வந்தது. போட்டியில் பெயர் கொடுக்கச் சொன்னது யார் என்று குழு கேட்டிருந்தது. நான்தான். காரில் வரும்போது, "அண்ணா, நீங்க இந்தச் சின்ன எடத்துலயே இருந்துட்டா எப்படி? குடும்பம் மொத்தமும் வந்து பாக்கட்டுமே" என்றேன். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கார் ஓட்டச் சொல்லித்தருகிறவருக்கு அது நடந்தது என்றால் எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மேசையில் இருக்கிற அந்த மஞ்சள் அட்டைக்கு வருகிறேன். போட்டிக்கு வருகிற ஒவ்வொருவரும் குறைந்தது நூறு முறை எதிராளியால் தள்ளப்பட்டு முறையாக விழுந்து பழகியிருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஜோடிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. மிக நல்ல விதி. அதை யார் கொண்டுவந்தாரோ அவருக்கு என் வணக்கம்.

சகலை அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "நூறு தடவ விழணுமாமே. என்னத்துக்கு சகலை? யாரு என்னத் தள்ளப்போறா?"

"அதான. வெறும் சடங்குண்ணா. வேணும்னா உங்களுக்குப் பதிலா நான் விழுந்துடுறேன்."

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"இதுல என்ன சிரமம், நமக்குள்ள."

நாலு மாலைகளில் நூறு தடவை விழுந்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து போய், வியர்வைக் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். அதில் இருக்கிற நூறு கையெழுத்தும் என்னுடையது. நூறு விழுதலும் என்னுடையது. விழுதல்கள் ஒவ்வொன்றும் சுத்தமானவை, தரத்தில் குறை சொல்ல முடியாது. விழுந்த ஆள்தான் வேறு. பயிற்சியாளர் மேல் தப்பில்லை. அட்டையைப் பார்த்து, "பரவாயில்லையே, கடைசில விழுந்து பழகிட்டாரா?" என்று என்னிடம்தான் கேட்டார். "அழகா விழுறாரு மேடம்" என்றேன்.

போட்டி நாளன்று குடும்பத்தை நானே வேனில் அழைத்துவந்தேன். அதற்கு முன்பே ஒரு தடவை தனியாகப் போய் முதல் வரிசையின் நடுவில் ஐந்து இருக்கைகளில் துண்டு, கைக்குட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். தூண் மறைக்காத இடம். மாமனாருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை நினைவாக எடுத்துவரச் சொல்லியிருந்தேன்.

ரொட்டிக்கடைக்காரரை அப்போதுதான் பார்த்தோம். ஒல்லியான மனிதர், முன்கையில் அடுப்புச் சூட்டுத் தழும்புகள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஒருவரைத் தள்ளிவிட்டு, விழுந்தவர் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கியவர் அவர். அவரைப் போய் நீங்கள் முரடர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சகலை என்னைக் கைகழுவும் இடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்தபோது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"சகலை, ஒண்ணு கேக்குறேன். தப்பா நெனைக்காத."

"கேளுங்கண்ணா."

"நான் நெஜமாவே நல்லா ஆடுறேனா? இல்ல, தெரிஞ்சவங்க, பழகினவங்கன்னு நீங்கல்லாம்..." என்று நிறுத்தினார். "அந்த ஆளப் பாத்ததுலேந்து எனக்கே சந்தேகமா இருக்கு. நீ ஒரு வார்த்த வேணாம்னு சொல்லு, கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லிட்டு இப்படியே வீட்டுக்குப் போயிடுவோம். வேற யார் சொன்னாலும் கேக்கமாட்டேன். நீ சொன்னா கேப்பேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிஷம் இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவரைப் பார்க்க எனக்கு மனசு இளகிவிட்டது. அத்தனை வருஷத்தில் அவர் மேல் எனக்கு உண்மையான பிரியம் வந்தது அந்தக் குழாயடியில்தான். அதே சமயம், முதல் வரிசையில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அழைத்துப்போவது எப்படி?

"அண்ணா, இந்த மூணு வருஷத்துல யாராவது உங்கள விழவெச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

நேர்மையாக யோசித்தார். "இல்ல."

"அப்புறம் என்ன?"

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது என்பதைக் குழு கவனிக்க வேண்டும். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஆட்டத்துக்குப் போனார்.

ஆட்டம் ஏழு விநாடி நடந்தது. இருவரும் குனிந்து வணங்கினார்கள். முக்கோணம் மிதித்தார்கள். முறைப்படி ஆளுக்கொரு காலைக் கொடுத்தார்கள். சகலையின் வலது பாதம் பிரேக்கை அழுத்தியது. ரொட்டிக்கடைக்காரர் ஒரு சாண் விலகி அவர் நெஞ்சில் பாதத்தை வைத்து, மரியாதையாகத் தள்ளினார். சகலைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. முகவாயை மடக்கவில்லை, முதுகை வளைக்கவில்லை. விழுகிறோம் என்பதையே அவர் நம்பவில்லை. நம்பாமலேயே ஒரு காலைத் தனக்கு அடியில் மடித்துக்கொண்டு, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, அலமாரி சாய்வதுபோலச் சாய்ந்தார். சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

நான் உடனே முதல் வரிசையைப் பார்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். மனைவியின் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். என் மகள் தடுப்பைத் தாண்டிக் குதித்து, "பெரியப்பா, பெரியப்பா" என்று அழுதுகொண்டே ஓடினாள். என் மனைவி அழுதபடி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க மரம் மாதிரி நிக்கிறீங்க? அத்தானப் போய்த் தூக்குங்க."

நான் இன்னும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புன்னகை, ஒரு சின்னக் கேலி, எதுவும் இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. மூன்று வருஷம் ஒரு மனிதன் விழுந்து விழுந்து உழைத்திருக்கிறான், அதற்கு இதுதானா பலன் என்று நினைத்தேன். என் கண் கலங்கியதைப் பார்த்து மாமனார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் சகலைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். விழத் தெரியாத மனிதரை விழத் தெரிந்தவராகக் கையெழுத்துப் போட்டு நான் அனுப்பினேன். அடிபடும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். இதைச் சகலையிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், போன ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டில் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கட்டுப்போட்ட வலது காலை முக்காலி மேல் நீட்டியபடி. டம்ளர், தையல்காரர், இதயம், மஞ்சள் அட்டை என்று ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"உனக்கு எவ்வளவு பெரிய மனசு சகலை" என்றார். "அந்த ரொட்டிக்கடைக்காரர் பொழப்பு கெடக் கூடாது, எனக்கும் தோத்த வருத்தம் இருக்கக் கூடாதுன்னு பழியத் தூக்கி உன் தலைல போட்டுக்கிற பாரு."

"இல்லண்ணா. நெஜமா சொல்றேன். அத்தன தடவையும் நான் வேணும்னேதான் விழுந்தேன்."

"அப்படியா? சரி, இப்ப விழாம நில்லு பாப்போம். காலக் குடு."

நல்ல இடது காலை நீட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்து, ஒரு தோளில் கட்டோடு. நான் ஒரு காலை முன்னால் வைத்தேன். இந்த முறை விழுவதில்லை என்றுதான் நின்றேன். அவர் பாதம் என் கணுக்காலை மெல்லத் தட்டியது. விழுந்தேன். உடம்பு சரியில்லாத மனிதர், மனம் நோகுமே என்று கடைசி நொடியில் தோன்றியது. இன்னொரு தடவை என்றார். அந்தத் தடவையும் அப்படித்தான் தோன்றியது. மூன்றாவது தடவை விழுந்ததும் அவர் பலமாகச் சிரித்து, "பாத்தியா, பாத்தியா" என்று சொல்லி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் குறட்டை விடத் தொடங்கினார்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. மனைவியின் அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் போகிற வழியில் சகலையின் கட்டுப்போட்ட கால் முக்காலி மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே தாராளமாக இரண்டடி இடம். நான் அந்தப் பக்கமாகப் போனேன். அந்தக் கால் அசையவில்லை, என் மேல் படவும் இல்லை. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, உள்ளங்கையால் தரையைத் தட்டி விழுந்தேன். எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மறுபடி கடக்கப் பார்த்தேன். மறுபடியும் விழுந்தேன். சகலை கடைசிவரை கண் திறக்கவில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் குழு இதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: அந்த இரண்டு முறையும்கூட நான் வேண்டுமென்றேதான் விழுந்தேன்.